மேகத்தில் ஏற்றிய உப்பு

உப்பளத்தில் மேகம் என்பது வசவு.
பங்குனியில் தெற்கே ஒரு கறுப்புத் துணுக்கு தெரிந்தாலே
வாலிநோக்கம் பாத்திகளில்
கெட்ட வார்த்தைகள் வரப்புத் தாண்டும்.

மதுரையிலிருந்து வந்த குபேந்திரன்
மடிக்கணினியைத் திறந்து,
"இனிமே ஒங்க கணக்கெல்லாம் கிளவுட்ல இருக்கும் சார்" என்றான்.
அப்படின்னா?
"மேகம் சார்."
முதலாளி ஹமீது சுல்தான்
டீயைப் பாதியில் வைத்தார்.
"வேற எங்கயாச்சும் வைங்க தம்பி."

ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.
மூன்று வருஷத்தில் நான்கு கம்ப்யூட்டர்களை
இந்த உப்புக் காற்று தின்றிருந்தது.
கடைசியாகச் செத்ததை நானே திறந்து பார்த்தேன்,
உள்ளே பூத்திருந்தது வெள்ளையாய்,
எங்கள் சரக்கேதான்.
தூத்துக்குடி வியாபாரி வேறு
காகித பில்லை வாங்கமாட்டேன் என்றுவிட்டான்.

மாத வாடகை ஆயிரத்து நானூறு.
வீடு எங்கே என்று கேட்டேன்.
மும்பைப் பக்கம் ஒரு குளிர் அறை என்றான் குபேந்திரன்,
அவனும் பார்த்ததில்லையாம்.

முதல் வாரம் முழுக்கப் பெயர் ஏற்றினேன்.
'இருளாயி' என்று அடித்தால்
'இப்பெயர் ஏற்கெனவே உள்ளது' என்றது.
உள்ளதுதான், எங்களிடம் ஐந்து பேர்.
மாரியூர் இருளாயி, கீழமுந்தல் இருளாயி,
மூக்குத்தி இருளாயி, சண்டைக்கார இருளாயி,
ஐந்தாமவள் தன்னை வெறும் இருளாயி
என்றே போடச் சொன்னாள்,
முதலில் வந்தவள் அவள்தானாம்.
பிறந்த தேதி எல்லோருக்கும் ஜனவரி ஒன்று.
என்னையும் அது பாதியாக்கிவிட்டது:
'வணக்கம், ரஹ்மத்.'
நிஷாவுக்குக் கட்டத்தில் இடமில்லை.

கொட்டகையில் சிக்னல் ஒரு கோடு.
அம்பாரத்து உச்சியில் மூன்று.
அந்தி சாயும்போது செருப்பைக் கழற்றிவிட்டு
உப்பு மலையில் ஏறுவேன்,
குதிகால் வெடிப்பெல்லாம் எரிய
அன்றைய நடைகளை அனுப்பிவிட்டு இறங்குவேன்.

சனிக்கிழமை சம்பளம்.
பூமயிலுக்கு நூற்று எண்பத்தேழு நடை என்றது போன்.
அவள் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
சுவரில் கரிக்கோடுகள்,
ஐந்தைந்தாய்க் குறுக்கே வெட்டி.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டு முறை எண்ணினேன்.
முதலாளி எண்ணவில்லை.
"மெசின் பொய் சொல்லாதும்மா.
மேகத்துல இருக்குது கணக்கு."

பூமயில் சும்மாட்டை உதறிக்கொண்டே கேட்டாள்:
"நம்ம சீமையில
மேகம் பொய்க்காத வருசம் எது மொதலாளி?"

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம், அவரும்.

புதனும் வியாழனும் டவரில் டீசல் இல்லை.
என் போனின் அடியில், சின்ன எழுத்தில்
'காத்திருப்பவை: 25' என்று கிடந்தது.
நான்தான் பார்க்கவில்லை.
அம்பாரத்தில் ஏறி நின்றேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பச்சை விழுந்தது.
கீழே பூமயில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.
அன்று முதல் அந்தச் சுவரையும்
போட்டோ எடுத்து மேலே அனுப்புகிறேன்,
அதற்கு ஒரு பைல் உண்டு: 'சுவர்'.

சித்திரை பத்தொன்பது, விடியக்காலம்,
கேட்காத மழை.
எச்சரிக்கை வந்தது, உண்மைதான்,
இருபது சதவீதம் என்று.
ஓலை போர்த்துவதற்குள் கால்வாசி போய்விட்டது.

காலையில் திறந்தேன்.
பாத்தியில் கரைந்த நாற்பது டன்
மேகத்தில் நனையாமல் இருந்தது.
இருப்பில் கழிக்க ஒரு காரணம் கேட்டது,
பட்டியலில் திருட்டு, உடைசல், காலாவதி.
மழை இல்லை.
'இதர' என்று போட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால்
ஈரச்சுவரில் கரி பிடிக்கவில்லை.
இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
பூமயில் என் பக்கம் திரும்பினாள்.
"ஓம் போன்ல ஒண்ணு போட்டு வையி."
போட்டேன்.
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.